கூட்டினால் எட்டு

"ஏனுங்க, இந்த நம்பரைக் கூட்டிப் பாத்தீங்களா?"

சாந்தாமணியின் கையில் இருந்தது விமானப் பட்டறையின் ரசீது. சேனாபதி இட்லியைத் தட்டிலேயே விட்டுவிட்டு நிமிர்ந்தார். தொகையைப் பார்த்துவிட்டாள் என்றே நினைத்தார்.

"வரியோட சேத்து ரெண்டாயிரத்து முன்னூத்தி நாப்பது. அதுல ஐநூறை கவர்மென்ட்டே திருப்பிக் குடுக்குது, சாந்தா. ரிபேட். உங்கிட்ட முன்னாடியே சொன்னனே."

"அதில்லீங்க. பிளேன் நம்பரு. நாலு, ஏழு, ஒம்பது, ஆறு. கூட்டுங்க."

சேனாபதி சிப் வடிவமைக்கிறவர். கூட்டல் அவருக்குச் சிரமமில்லை. "இருபத்தாறு."

"ரெண்டும் ஆறும்?"

"எட்டு."

அவள் ரசீதை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"சனியோட நம்பருங்க. ஊர்ல ஸ்கூட்டருக்கே இந்த நம்பர் வந்தா மாத்திக்கறாங்க. நீங்க இதுல ஏறி ஆகாசத்துல போறீங்க."

அந்த விமானம் லிவர்மோர் விமான நிலையத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குள் இருந்தது. நான்கு பேர் உட்காரலாம், ஒற்றை எஞ்சின், 1974இல் செய்தது. ஆறு வருடங்களுக்கு முன் வாங்கினார். அமெரிக்காவில் எல்லா விமானங்களின் எண்ணும் 'என்' என்ற ஆங்கில எழுத்தில்தான் தொடங்கும். 'என் 4796' என்று வால்பக்கம் எழுதியிருந்ததைச் சேனாபதி எப்போதும் தமிழிலேயே படித்துக்கொள்வார். என்னுடையது. ஃப்ரீமான்ட் வீடு வங்கியுடையது, வாரநாட்கள் கம்பெனியுடையவை. சனிக்கிழமை காலை குன்றுகளுக்கு மேலே ஒரு மணி நேரம், யாரும் எதுவும் கேட்காத அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் அவருடையது.

சாந்தாமணி அதில் ஒரே ஒரு முறை ஏறியிருக்கிறாள். இறங்கியதும் வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகு விமான நிலையத்தின் பக்கமே வந்ததில்லை. வருடத்துக்கு ஒரு முறை, "அதை வித்துப்போடுங்க" என்பாள். அவர் பதில் சொல்லாமல் இருப்பார். அது அப்படியே அடங்கிவிடும்.

இந்த வருடம் அடங்கவில்லை. வரும் ஜனவரி முதல், பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வானத்தில் பறக்கிற எல்லா விமானங்களிலும் புதுப் பெட்டி ஒன்று இருந்தாக வேண்டும் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. 'நான் இங்கே, இந்த உயரத்தில் இருக்கிறேன்' என்று நொடிக்கொரு முறை ஊருக்கெல்லாம் அறிவித்துக்கொண்டே இருக்கும் பெட்டி. அக்கம்பக்கத்தில் பறக்கிறவர்களும் திரையில் தெரிவார்கள். சின்ன விமானக்காரர்கள் முனகாமல் இருக்க ஐநூறு டாலர் உதவித்தொகை. பெட்டி வைக்கும் முன்பே விமான எண்ணைச் சொல்லி முன்பதிவு செய்ய வேண்டும். வைத்தபின் அரை மணி நேரம் பறந்து, பெட்டி சரியாகப் பேசுகிறது என்று தரையிலிருக்கும் அரசாங்கக் கணினி சான்று தர வேண்டும். கடைசி நாள் அக்டோபர் பதினொன்று.

பெட்டிக்குப் பணம் எடுக்கும்போதே சாந்தாமணி ஒப்பந்தம் போட்டுவிட்டாள். "கவர்மென்ட் ஐநூறு குடுத்தா வெச்சுக்குங்க. குடுக்கலைன்னா பிளேனை வித்துப்போடோணும். அப்பறம் பேச்சு மாறக்கூடாது." மகள் ஓவியாதான் சாட்சி. சேனாபதி சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். விதிமுறைகளை வரி விடாமல் படித்தவர் அவர்.

இப்போது எட்டு.

"முன்னாடி ஒரு 'என்' இருக்குதில்ல? அதையும் சேக்கோணும். அந்த எழுத்துக்கு அஞ்சு. மொத்தம் முப்பத்தொண்ணு. கூட்டுனா நாலுதான்," என்றார் சேனாபதி.

"நாலு ராகுங்க."

எதிரே செல்போனில் ஆழ்ந்திருந்த ஓவியா தலையைத் தூக்காமலே, "டாட், யூ கான்ட் வின் திஸ்," என்றாள்.

சேனாபதிக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் சாந்தாமணியின் கண்ணோரம் ஈரமாக இருந்தது. "உங்களுக்கு ஒண்ணுன்னா நானும் புள்ளையும் என்னுங்க பண்ணுவோம்?" என்று ரசீதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். ஆறு வருடங்களில் அந்த விமானத்தைப் பற்றி அவள் சொன்ன வாக்கியங்களில் அவரைப் பற்றியது இதுதான் முதல். அவர் எழுந்துபோய்க் கை கழுவினார். வெகுநேரம் கழுவினார்.

"சரி. என்ன நம்பர்னு கேட்டுச் சொல்லு."

சங்ககிரியில் ஸ்ரீநிவாசன் என்று ஒரு எண்கணிதக்காரர் இருந்தார். அந்தப் பக்கத்து லாரிக்காரர்கள் அவரைக் கேட்காமல் நம்பர் பிளேட் எழுதமாட்டார்கள். சாந்தாமணியின் அண்ணனுடைய ஏழு லாரிகளுக்கும் எண் பார்த்துக் கொடுத்தவர் அவர்தான். அன்று மாலையே சாந்தாமணி கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து அவரோடு வாட்ஸ்அப்பில் நாற்பது நிமிடம் பேசினாள். திரும்பி வந்தபோது ஒரு துண்டுக் காகிதத்தில் நான்கு இலக்கங்கள் இருந்தன.

"அஞ்சு, ஒம்பது, ரெண்டு, ஏழு. இருபத்திமூணு, கூட்டுனா அஞ்சு. 'என்'னைச் சேத்தாலும் ஒண்ணுதான் வருது. நல்லா ஓடற நம்பருன்னாருங்க."

5927 யாருக்கும் கொடுக்கப்படாமல் காலியாக இருந்தது. எண்ணை மாற்ற அரசாங்கத்துக்குப் பத்து டாலர் கட்டினார். சில வாரங்களில் காகிதம் வந்தது. பழைய எண்ணைச் சுரண்டிப் புதியதை எழுத அறுநூறு டாலர் ஆயிற்று. "பெயின்ட் காசை நான் குடுக்கறனுங்க," என்று சாந்தாமணி தன் டேகேர் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதுவும் போதாதென்று, எழுதி முடித்த நாளில் ஆறு வருடங்களுக்குப் பிறகு விமான நிலையத்துக்கே வந்தாள். எலுமிச்சம்பழம், பச்சை மிளகாய், சந்தனம், கற்பூரம். பெட்ரோல் இருக்கும் இடத்தில் நெருப்பு கூடாது என்று அங்கிருந்த ஆள் ஓடிவந்ததால் கற்பூரத்தை மட்டும் கொளுத்தவில்லை. எலுமிச்சையையும் மிளகாயையும் கோத்து மூக்கின் கீழே கட்டிவிட்டு, கண்ணை மூடி எதையோ வேண்டிக்கொண்டாள். சேனாபதி கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்கவில்லை. கேட்கிற விஷயமா அது?

பிறகு மூக்கிலிருந்ததை அவிழ்த்துக் கொட்டகைக் கதவில் மாட்டிவிட்டுச் சோதனைப் பறப்புக்குக் கிளம்பினார். முப்பத்தெட்டு நிமிடங்கள். பெட்டியின் பச்சை விளக்கு ஒரு முறைகூட அணையவில்லை.

மறுநாள் அரசாங்கக் கணினியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. தோல்வி.

உதவித்தொகை அலுவலகத்துக்குப் போன் போட்டார். கரோல் என்ற அம்மாள் எடுத்தார். இனிமையான குரல்.

"ஐயா, உங்கள் பெட்டி தன்னை 4796 என்று சொல்லிக்கொண்டே பறந்திருக்கிறது. எங்கள் பதிவேட்டில் 4796 என்று ஒரு விமானமே இல்லை."

"நான் ஓட்டினேனே அம்மா!"

"நீங்கள் ஓட்டியதை நான் மறுக்கவில்லை. விமானம் இல்லை என்றுதான் சொல்கிறேன்."

எண்ணை மாற்றினால் பெட்டிக்குள் இருக்கும் குறியீட்டையும் மாற்ற வேண்டும் என்பது சேனாபதிக்குத் தெரியாததல்ல. மறந்துவிட்டார். தன் தவறு என்று தெரிந்ததால் கோபம் இருமடங்கானது. பட்டறைக்குப் போனார். பெட்டியை வைத்துக் கொடுத்த டென்னிஸ் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"ஆறு வருடமாக இருந்த எண்ணை இப்போது ஏன் மாற்றினாய்?"

சனியை ஆங்கிலத்தில் விளக்க முடியாது. "குடும்பக் காரணம்," என்றார் சேனாபதி.

டென்னிஸின் முகம் மாறியது. தோளில் கைவைத்தான். "விவாகரத்தா? நானும் இரண்டு முறை பார்த்துவிட்டேன். நல்லவேளை, விமானமாவது உனக்கு மிஞ்சியதே." குறியீட்டை மாற்றிக் கொடுத்துவிட்டு, பாதிப் பணம் போதும் என்றான்.

மறுபடி பறந்தார். தேர்ச்சி. கையெழுத்துப் போட்ட சான்றிதழ் மாதிரி அழகான அறிக்கை. அதை இணைத்து ஐநூறு டாலருக்கு விண்ணப்பித்தார். இரண்டே நாளில் நிராகரித்தார்கள்.

"முன்பதிவு செய்த விமானம் 4796. அது பறக்கவில்லை. பறந்த விமானம் 5927. அதற்கு முன்பதிவு இல்லை," என்றார் கரோல்.

"ரெண்டும் ஒரே விமானம்தான் அம்மா! அதே இறக்கை, அதே எஞ்சின், அதே நான்!"

"இருக்கலாம் ஐயா. எங்கள் கணினிக்கு எண்கள்தான் தெரியும். ஒன்று செய்யுங்கள். 5927க்குப் புதிதாக ஒரு முன்பதிவு போடுங்கள்."

போட்டார். நான்கு நொடிகளில் பதில் வந்தது. 'இந்த விமானத்தில் ஏற்கெனவே பெட்டி பொருத்தப்பட்டுள்ளது. பெட்டி இல்லாத விமானங்களுக்கு மட்டுமே உதவித்தொகை.'

"எங்கிட்ட பெட்டி இருக்குன்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று தமிழிலேயே கத்தினார். பிறகு அதையே ஆங்கிலத்தில் கரோலிடம் கேட்டார்.

"நீங்கள்தானே ஐயா, போன வாரம் வானத்திலிருந்து நொடிக்கொரு முறை சொல்லிக்கொண்டிருந்தீர்கள்."

போனை வைத்துவிட்டு நெடுநேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இல்லாத விமானம் பறந்ததற்காக ஒரு நிராகரிப்பு. இருக்கிற விமானம் பறந்ததற்காக இன்னொன்று. வரி கட்டும்போது மட்டும் ஒருநாளும் இவர்கள் 'சேனாபதி என்று ஒருவர் இல்லை' என்று சொன்னதில்லையே!

சாந்தாமணி காபியை வைத்தாள். "அப்ப அந்த ஐநூறு வராதுங்களா?"

"ஏன் வராது? வாங்காம விடமாட்டேன்."

"கடைசித் தேதி எப்பங்க?"

"பதினொண்ணு."

"அட, இன்னும் பத்தொம்பது நாள்தான்," என்றாள். அவளுக்கும் கவலைதான்.

பழைய எண்ணுக்கே திரும்பிவிடலாம் என்று பார்த்தார். அதை அலாஸ்காவில் யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார். கூட்டிப் பார்க்கும் வழக்கமில்லாதவர் போலிருக்கிறது. பெட்டியைக் கழற்றிவிட்டு, பெட்டி இல்லாத விமானமாக முன்பதிவு செய்து, மறுபடி மாட்டலாமா என்று டென்னிஸிடம் கேட்டார். "தொள்ளாயிரம் ஆகும். இந்த நேரத்தில் பெரிய முடிவுகள் எதுவும் எடுக்காதே நண்பா," என்றான் டென்னிஸ்.

கடைசியில் கரோலே ஒரு வழி சொன்னார். இரண்டு எண்ணும் ஒரே விமானத்துடையவை என்று கடிதம் எழுதி, விமானத்தின் படங்களையும் சேர்த்து அனுப்பினால், மேலதிகாரி பரிசீலிப்பார்.

சேனாபதி எழுதினார். நான்கு பக்கம். ஓவியா படித்துப் பார்த்தாள்.

"டாட், யூ சே 'ஹவ் டேர் யூ' த்ரீ டைம்ஸ்."

"அஞ்சு தடவை இருந்துச்சு. ரெண்டை எடுத்துட்டேன்."

"அண்ட் தே டோன்ட் நீட் டு நோ அபவுட் சாட்டர்ன்."

"சனி கதையும் தெரியட்டும்! ஒரு பொம்பளை தன் வீட்டுக்காரன் உசுருக்குப் பயந்து நம்பரை மாத்துறா. இதுக்கு இவங்க ஃபார்ம்ல ஒரு கட்டம் இருக்குதா? இல்லை. எஞ்சினை மாத்தினா கட்டம் இருக்கு, அட்ரஸ் மாத்தினா கட்டம் இருக்கு. பாசத்துக்குக் கட்டம் இல்லை!"

சாந்தாமணி அடுப்படியில் பாத்திரத்தைக் கீழே போட்டாள். சேனாபதி திரும்பிப் பார்த்தபோது அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள்.

படங்கள் இருந்தன. புது எண் தெளிவாகத் தெரிய, பூஜை அன்று எடுத்தவை. அவற்றையே அனுப்பினார்.

ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. இம்முறை கரோலிடமிருந்து அல்ல. பாதுகாப்புப் பிரிவிலிருந்து. 'இரண்டாம் படத்தில் எஞ்சின் காற்றுத் துவாரத்தின் அருகே ஒரு மஞ்சள் நிறக் கோளமும், பச்சை நிற நீள்பொருட்கள் ஏழும் தொங்குகின்றன. இது அங்கீகரிக்கப்பட்ட மாற்றமா? ஆய்வாளர் பார்வையிடும் வரை விமானம் பறக்கக் கூடாது.'

சேனாபதி அதை மூன்று முறை படித்தார். மூன்றாவது முறை வாய்விட்டுப் படித்தார். சாந்தாமணி, "மொளகாய் ஏழுதானுங்களா? நான் அஞ்சுதான் கட்டுனேன்னு நெனச்சேன்," என்றாள்.

அக்டோபர் இரண்டாம் தேதி ஆய்வாளர் வந்தார். உயரமான மனிதர். அதிகம் பேசாதவர். கொட்டகைக்குள் விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். எஞ்சினுக்கு அடியில் டார்ச் அடித்தார். விமானத்தின் தயாரிப்பு எண் தகட்டைத் தேய்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பிறகு கதவில் மாட்டியிருந்த, சுருங்கிக் கறுத்துப்போன எலுமிச்சம்பழத்தின் முன் நின்றார்.

"இது?"

சேனாபதி இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்தது அப்போது வெளியே வந்தது. எட்டு, சனி, ராகு, அஞ்சு, சங்ககிரி, அலாஸ்கா, கரோல் எல்லாம் வந்தது. "எத்தனையோ பேர் இந்த விமானத்தைப் பார்த்து அழகாக இருக்கிறது என்றார்கள். பழசாக இருக்கிறது என்றார்கள். இது விழுந்தால் என்ன செய்வது என்று பயந்தவள் ஒருத்திதான். அவள் என் மனைவி. அவள் பயந்ததற்காக அரசாங்கம் எனக்கு ஐநூறு டாலர் அபராதம் போடுகிறது! போடுங்கள். நான் விமானத்தை விற்றுவிடுகிறேன். ஆனால் அவள் கட்டிய எலுமிச்சம்பழத்தைக் குற்றம் என்று மட்டும் எழுதாதீர்கள்."

ஆய்வாளர் எலுமிச்சம்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கல்யாணமாகி முப்பத்தோரு வருடம். வாரத்தில் மூன்று நாள் பறக்கிறேன். 'பத்திரம்' என்று ஒரு முறைகூட அவள் சொன்னதில்லை," என்றார்.

பிறகு காகிதத்தில் எழுதினார். '4796, 5927 இரண்டும் ஒரே விமானம். தொங்கிய பொருள், காய்கறி. தற்காலிகமானது. ஆட்சேபம் இல்லை.' கையெழுத்துப் போட்டுவிட்டு, சேனாபதியின் கையைச் சற்று அதிக நேரம் பிடித்துக் குலுக்கினார்.

காசோலை அக்டோபர் ஒன்பதாம் தேதி தபாலில் வந்தது. ஐநூறு டாலர். சேனாபதி அதைச் சாப்பாட்டு மேசையின் நடுவில் வைத்தார்.

"பாத்தியா? ரெண்டு நாள் மிச்சம்."

சாந்தாமணி காசோலையை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பக்கமும் பார்த்தாள். "நெசமான செக்குதானுங்களா?"

"நெசம்தான். பேச்சு மாறக்கூடாது. பிளேன் இனி நம்மகிட்டத்தான்."

காசோலையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள். மகிழ்ச்சியில் பேச்சு வராதவர்களும் உண்டு என்று சேனாபதி நினைத்துக்கொண்டார். அவர் மனம் இளகியிருந்தது. யாருக்காவது நன்றி சொல்ல வேண்டும் போலிருந்தது. அரசாங்கத்துக்குச் சொல்ல முடியாது. கொல்லைப்புறத்துக்குப் போய்ச் சங்ககிரிக்கு வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். அங்கே காலை எட்டு மணி. பின்னால் லாரிகளின் ஹாரன் கேட்டது.

"வணக்கமுங்க. நான் சாந்தாமணி வீட்டுக்காரர் பேசறேன், அமெரிக்காவுல இருந்து."

"அடடே! ஏரோப்ளேன் பார்ட்டி! சொல்லுங்க, சொல்லுங்க."

"நீங்க குடுத்த நம்பர் ஜெயிச்சிருச்சுங்க. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். நடுவுல ரொம்பப் படுத்துச்சு. ஆனா கடைசியில எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது."

"முடியாம எங்கீங்க போகும்! நான் நம்பர் போட்டுக் குடுத்து நடக்காம நின்ன வண்டியே கெடையாதுங்க. நல்ல வெலைக்குப் போச்சுங்களா? யாருங்க வாங்குனது?"

"யாரு, எதை வாங்குனதுங்க?"

"பிளேனைத்தானுங்க! மூணே மாசத்துல நம்ம கையை விட்டுப் போற மாதிரி ஒரு நம்பர் வேணும்னு அம்மிணி கேட்டுத்தானுங்களே அந்த அஞ்சைப் போட்டுக் குடுத்தேன்?"